குளிர்ந்த காற்றுக்காக நான் மாட்டிய ஆறு குழாய்கள்

புதிதாக மெக்கானிக் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் படிப்பதற்கு என் அனுபவம் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். "ஊக்கம் தர்ற மாதிரி இருக்கட்டும் சார்" என்று கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. முப்பத்து மூன்று வருஷம் பெங்களூரில் கார் மெக்கானிக்காக இருந்தவன் நான். நல்லபடியாகச் செய்த வேலைகள் நிறைய உண்டு. ஆனால் அவற்றில் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. கார் கிளம்பும், ஆள் போய்விடுவார், அடுத்த ரிப்பேர் வரும்வரை நம்மை நினைக்க மாட்டார். ஆகவே நான் கெடுத்த வேலையைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்ச நாள் அதே வேலை எனக்கு நல்ல பெயரும் வாங்கிக் கொடுத்தது.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். காக்ஸ் டவுனில் ஒரு ஷெட்டில் நான் ஃபோர்மேன். முதலாளி ஒரு அம்மா. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். கணவர் இறந்ததும் அவர் நடத்திவந்த ஷெட்டை மூடாமல் எடுத்துக்கொண்டார். நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். ஸ்பானரைத் தொடமாட்டார். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் வந்து நின்று கேள்வி கேட்பார். வேலை தெரியாதவர்களின் கேள்விக்கு அந்தக் காலத்தில் என்னிடம் ஒரே பதில்தான். லேசாகச் சிரித்துவிட்டு, நாலைந்து இங்கிலீஷ் வார்த்தைகளை எடுத்துவிடுவேன்.

ஒருநாள் பிரசன்னா வந்தான். வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் வேலை, சொந்த ஊர் கோயம்புத்தூர். கையில் ஒரு சின்ன பெட்ரோல் காரும், ஆபீஸ் பிரின்டரில் எடுத்த ஒரு கட்டுத் தாளும்.

"அண்ணா, என்ஜின் இழுக்கற காத்து பானெட்டுக்குள்ள சூடாகித்தானுங்க போகுது? வெளிய இருந்து குளிர்ந்த காத்த ஒரு பைப் வெச்சுக் குடுத்தா பவர் ஏறுமாங்க. வெளிநாட்டுல அவங்கவங்க வீட்டு வாசல்லயே வெச்சுப் பண்ணிக்கறாங்க. பாருங்க, படம்கூட இருக்குது."

அவன் சொன்னது தப்பில்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அடர்த்தியான காற்று உள்ளே போனால் பெட்ரோல் இன்னும் நன்றாக எரியும். இதெல்லாம் எனக்கும் தெரியும். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். முழுக்கத் தப்பான யோசனையோடு வருகிறவரை நாம் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவோம். முக்கால்வாசி சரியான யோசனையோடு வருகிறவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைப்போம். நான் நாற்காலி போட்டேன்.

முதலில் காரின் இப்போதைய வேகம் என்ன என்று தெரிய வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை காலை ஹோசூர் ரோட்டில் போனோம். அத்திபெலேக்கு முன்னால் அப்போது நல்ல நீளமான காலி ரோடு கிடைக்கும். நின்ற இடத்திலிருந்து எண்பது கிலோமீட்டர் வேகம் எடுக்க பதினாலு விநாடி. ஸ்டாப்வாட்ச் என் கையில். பிரசன்னா ஓட்டினான். லாரிகளின் புழுதி உள்ளே வராமல் கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டிருந்தோம்.

அந்த வாரம் பைப்பைக் கட்டினேன். ஹார்டுவேர் கடையில் வீட்டுக் கழிவுநீருக்கு விற்கிற சாம்பல் நிற பிவிசி பைப், மூன்று அங்குலம். வளைவுகளுக்கு இரண்டு எல்போ. ஜே.சி. ரோட்டில் வாங்கிய கூம்பு வடிவ ஃபில்டர் ஒன்று. கார் கம்பெனிக்காரன் பானெட்டுக்குக் கீழே உயரத்தில் வைத்திருந்த ஃபில்டர் பெட்டியைக் கழற்றி அலமாரியில் போட்டேன். என் பைப்பைக் கீழே இறக்கி, முன்பக்க பம்பரில் ஃபாக் லேம்புக்காக விட்டிருந்த காலி ஓட்டையில் கொண்டுபோய் முடித்தேன். ஓடும்போது காற்று நேராக வந்து மோதுகிற இடம் அது. அதைவிட நல்ல இடம் கிடையாது என்று நினைத்தேன்.

டீச்சர் வந்து குனிந்து பார்த்தார்.

"கம்பெனிக்காரன் இத மேல வெச்சிருந்தானா அருளு?"

"ஆமா டீச்சர்."

"ஏன் மேல வெச்சான்?"

நான் சிரித்தேன். காஸ்ட் கட்டிங், மாஸ் புரொடக்ஷன், ஏரோடைனமிக்ஸ் என்றேன். டீச்சர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. ஃபோர்மேன் ஆகி ஏழு வருஷத்தில் அந்த இரண்டு வார்த்தை எனக்கு மறந்தே போயிருந்தது.

அடுத்த ஞாயிறு மறுபடி அதே ரோடு. பிரசன்னா ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் முன்பக்கமிருந்து ஒரு உறுமல் வந்தது பாருங்கள், இரண்டு பேருக்கும் புல்லரித்துவிட்டது. அதை நன்றாகக் கேட்க வேண்டுமென்று கண்ணாடியை இறக்கினோம். கண்ணாடியை இறக்கியபிறகு ஏசி எதற்கு என்று நானே என் கையால் அணைத்தேன். பன்னிரண்டரை விநாடி. இன்னொரு தடவை ஓட்டினோம். பன்னிரண்டரை.

"ஒன்றரை செகண்டுங்கண்ணா!" பிரசன்னா காரை ஓரங்கட்டி இறங்கி என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நானும் குலுக்கினேன். வருகிற வழியில் அத்திபெலேயில் இட்லி சாப்பிட்டோம். எனக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.

பிரசன்னா ஆபீஸில் சொன்னான். அங்கிருந்து மூன்று கார் வந்தது. காக்ஸ் டவுனிலேயே இருந்த ஒரு லேடி டாக்டர், பழைய கஸ்டமர், அவர் காரிலும் மாட்டினேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். ஆறாவது ஆள் விக்டர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச்சையும் பிரேக்கையும் பழக்கிக் கொடுத்தவர். சொந்தக் காரில் இதை மாட்டிக்கொண்டு ஒரு ரவுண்டு போய்வந்து, "அருளு, வண்டி சீட்ல வெச்சு அழுத்துதுப்பா! இன்னா பிக்கப்பு!" என்றார். ஆறு பேரும் அப்படித்தான் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது.

மே மாதம் ஒரு சாயங்காலம், நாலு மணி இருக்கும். பெங்களூரில் அந்த மாதத்து மழை சொல்லிவிட்டு வராது. அரை மணி நேரம் கொட்டியது. ஷெட்டுக்கு போன் வந்தது. பிரசன்னா.

"அண்ணா, ரயில்வே பாலத்துக்கு அடியில தண்ணில நிக்கறேனுங்க. வண்டி ஆஃப் ஆயிடுச்சு."

"எவ்வளவு தண்ணி?"

"பம்பர் வரைக்குங்க."

பம்பர் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கம்பெனிக்காரன் ஏன் மேலே வைத்தான் என்பதும் புரிந்தது.

"சாவியைத் தொடாதீங்க! ஸ்டார்ட் பண்ணவே கூடாது. நான் வர்றேன்."

"நாலஞ்சு தடவை அடிச்சுட்டேனுங்கண்ணா. கடைசியா டங்குனு ஒரு சத்தம் வந்துச்சு. இப்ப ஒண்ணுமே அசையல."

காற்றை அழுத்த முடியும், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டன் மேலே வந்து சுவரில் முட்டுவது போல முட்டும். அதைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நீங்கள் இதை முதல் வாரத்திலேயே படித்திருப்பீர்கள். நானும் படித்திருந்தேன்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் கொஞ்சம் வடிந்து முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. இருபுறமும் வண்டிகள். டிராஃபிக் போலீஸ்காரர் "காடி தெகீரி, காடி தெகீரி" என்று, வண்டியை எடுக்கச் சொல்லி, பிரசன்னாவைப் பார்த்துக் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார். அசையாத காரை அவன் எப்படி எடுப்பான்? பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நின்றான். பாவம், அந்தச் சமயத்திலும் அவன் முகத்தில் என்னைப் பார்த்ததும் ஒரு நிம்மதி வந்தது.

பானெட்டைத் தூக்கி, பைப்பின் ஒரு இணைப்பைத் தளர்த்தினேன். கலங்கல் தண்ணீர் என் கைமேல் கொட்டியது. பிரசன்னா அந்தப் பக்கம் நின்றதால் பார்க்கவில்லை.

"என்னாச்சுங்கண்ணா?"

நெருக்கடியில் மனிதன் உண்மையைச் சொல்வான் என்று நினைக்காதீர்கள். வாயில் முதலில் எது தயாராக இருக்கிறதோ அதைச் சொல்வான். நான் சொன்னேன்: "தண்ணி பூந்துடுச்சு சார். இவ்வளவு தண்ணில எந்தக் காரா இருந்தாலும் இதான் கதி."

சொல்லி முடிக்கவில்லை. போலீஸ்காரர் அடுத்த வரிசைக்குக் கை காட்டினார். வரிசையில் முதலில் வந்தது அதே மாடல் கார். நிறம்கூட அதே வெள்ளை. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முதல் கியரில், பக்கத்துப் பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீருக்குள் இறங்கினார். அங்கே தண்ணீர் பம்பருக்கு மேலேயே இருந்தது. கார் அதுபாட்டுக்குப் போய் அந்தப் பக்கம் ஏறியது. வழியில் நின்றிருந்த எங்களைப் பார்த்து ஒரு ஹாரனும் அடித்துவிட்டுப் போனார்.

பிரசன்னா அந்தக் காரைப் பார்த்தான். பிறகு என் பைப்பைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்கவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். என்னைக் கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்திருக்கிறான். அது தாங்க முடியவில்லை.

"சார், இப்ப நான் சொன்னது பொய்" என்றேன். "அது என் பைப்பு பண்ண வேலை. நான் அதோட வாயைக் கீழ கொண்டுபோய் வெச்சேன். தண்ணியக் குடிச்சிடுச்சு. நான் யோசிச்சிருக்கணும். என்ஜின் வேலை மொத்தமும் எங்க ஷெட்டு பொறுப்பு."

"பரவால்லைங்கண்ணா, நான்தானுங்க கேட்டேன்" என்றான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காரைக் கயிறு கட்டி இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்தபோது ஆறு மணி. மழை மறுபடி தூற ஆரம்பித்திருந்தது. ரோட்டில் இன்னும் ஐந்து கார், ஐந்திலும் என் கையால் மாட்டிய பைப். டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். 'அன்னைக்கே கேட்டேனே' என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. போனை என் பக்கம் நகர்த்திவைத்து, "யார் யாருக்கு மாட்டினே? பேர் சொல்லு, நான் நம்பர் எடுக்கறேன்" என்றார்.

டாக்டரம்மா முதலில். அவர் கேட்டது ஒரே கேள்வி. "இது மாட்டும்போதே தெரியுமா, இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா?"

"இன்னைக்குத்தான் மேடம். ஆனா அன்னைக்கே ஒருத்தங்க கேட்டாங்க. நான் காதுல வாங்கல."

மறுநாள் காலை டியூட்டிக்கு ஆட்டோவில் போனார். காரை ஷெட்டில் விட்டுவிட்டார். பழைய ஃபில்டர் பெட்டியை மாட்டிக் கொடுத்தேன்.

மற்ற நால்வரிடம் பேசியதுதான் வேடிக்கை. ஆபீஸ்காரர்கள் மூவரும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். "மழையில மட்டும்தானே பிராப்ளம்? பாத்து ஓட்டிக்கறோம்" என்றார்கள். ஒருவர், "அப்ப நிஜமாவே நிறைய காத்து இழுக்குதுன்னு அர்த்தம், இல்லையா?" என்று சந்தோஷப்பட்டார். விக்டர் சிரித்தார்.

"அருளு, தண்ணில எப்பிடி ஓட்டணும்னு நான் ஊருக்கே சொல்லித் தர்றவன். அந்த சாஃப்ட்வேர் பையனுக்கு ஓட்டத் தெரியல, அதுக்கு நீ ஏன் பழி ஏத்துக்கற? இவ்ளோ பவர் இருக்கற ஐட்டம் கொஞ்சம் டேஞ்சரஸாத்தான் இருக்கும். நீ கழட்டற பேச்சே எடுக்காத."

மூன்று தடவை போன் செய்தேன். வீட்டுக்கே போனேன். எச்சரிக்க எச்சரிக்க அவர் கண்ணில் அந்தப் பைப்பின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. ஆபத்தானது என்று நான் சொன்னதை அவர் டிரைவிங் ஸ்கூலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பிரசன்னாவின் என்ஜினைப் பிரித்து, வளைந்த ராடை மாற்றி, பழையபடி பூட்ட மூன்று வாரம் ஆயிற்று. ஃபில்டர் பெட்டியைக் கம்பெனிக்காரன் வைத்த இடத்திலேயே வைத்தேன். பிரித்துப் பூட்டிய என்ஜினை ஓட்டிப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. ஞாயிறு காலை இருவரும் அதே ஹோசூர் ரோட்டுக்குப் போனோம். என்ஜின் சத்தத்தில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று நான் கேட்க வேண்டும். அதனால் கண்ணாடியை இறக்கினேன். ஏசியை அணைத்தேன். பழக்கத்தில் ஸ்டாப்வாட்சையும் அழுத்தினேன்.

பன்னிரண்டரை விநாடி.

நான் வாட்சைத் தட்டிப் பார்த்தேன். "இன்னொரு தடவை போங்க சார்." பன்னிரண்டரை. பைப் இல்லை. குளிர்ந்த காற்று இல்லை. உறுமல் இல்லை.

பிரசன்னா காரை நிறுத்தினான். பிறகு அவன் கையை நீட்டி ஏசி ஸ்விட்சைப் போட்டான். கண்ணாடியை ஏற்றினான். யூ டர்ன் அடித்து மறுபடி ஓட்டினான். பதினாலு.

ஏசி என்ஜினின் பலத்தில் ஒரு பங்கைத் தின்னும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் அப்போது இருபது வருஷமாகத் தெரியும். நாங்கள் கொண்டாடிய ஒன்றரை விநாடியும் அந்த ஸ்விட்சில் இருந்தது.

"அண்ணா," என்றான் பிரசன்னா மெதுவாக, "இத ஆபீஸ்ல சொல்லாதீங்க. தண்ணி பூந்தத எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அது பரவால்லைங்க. இது வேண்டாம்."

அவன் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. ஆபத்தான ஒன்றைச் செய்துவிட்டேன் என்று சொல்வதில் ஒரு கெத்து இருக்கிறது. பிரயோஜனமே இல்லாத ஒன்றைச் செய்தேன் என்று சொல்வதில் அதுவும் கிடையாது. முதல் தடவை ஐந்து பேருக்கும் ஒரே மூச்சில் போன் செய்தவன், இந்தத் தடவை இரண்டு நாள் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் போவதில்லை. பைப்பில் பலன் இல்லை என்பதால் யாருக்கும் புதிதாக ஆபத்து வரப்போவதும் இல்லை. இப்படியெல்லாம் நியாயம் கண்டுபிடித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் வானம் கறுத்தது. அப்போதுதான் உறைத்தது. பலன் இருக்கிறது என்று நம்புவதால்தானே அதை அவர்கள் கழற்ற மறுக்கிறார்கள்?

பிரசன்னாவுக்கு முதலில் போன் செய்து, சொல்லப்போகிறேன் என்று சொன்னேன். "நானே சொல்லிடறேனுங்கண்ணா" என்றான். ஒரு வாரத்துக்குள் அவன் ஆபீஸ் கார் மூன்றும் வந்தன. தனித்தனியாக, வெவ்வேறு நாளில். ஒருவரும் பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பழையபடி மாத்திடுங்க" என்பதோடு சரி.

டாக்டரம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டு, விக்டருக்கும் நானே சொன்னேன். ஏசி விஷயம், மூன்று தடவை ஓட்டிப் பார்த்தது, எல்லாவற்றையும்.

"அப்ப நான் ஃபீல் பண்ண பிக்கப்பு?"

"எனக்கும் அப்பிடித்தான் இருந்துது சார். அது சத்தம்தான்."

தண்ணீருக்குப் பயப்படாதவர் அன்று சாயங்காலமே வந்துவிட்டார். ஷெட்டில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். டீச்சர் மட்டும் உள்ளே இருந்தார். விக்டர் ஸ்டூலில் உட்காராமல், நான் கழற்றுகிறவரை கைகட்டிக்கொண்டு நின்றார். வேலை முடிந்து சாவியைக் கொடுத்தேன். ஸ்டார்ட் செய்தார். கார் பூனை மாதிரி அமைதியாக நகர்ந்தது. கேட்டருகே போய் நின்று, பிரேக் விளக்கு எரிய, கண்ணாடியை இறக்கினார்.

"அருளு, இந்த ஏசி மேட்டரு வேற யாருக்கும் தெரியாதில்ல?"

"மாட்டின ஆறு பேருக்கும் தெரியும் சார்."

"ஆறு பேரா?" கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். "அந்த சாஃப்ட்வேர் பையனை விட்டா பெங்களூர்லயே உங்க ஒருத்தருக்குத்தான் பண்ணித் தர்றேன்னு சொன்னியேய்யா."

உள்ளே டீச்சர் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. நான் போய் கேட்டை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டேன்.